ஸ்டாக்ஹோம், டிசம்பர் 1965: ஒரு ஃப்ரீ ஜாஸ் தட்டை எதற்காக மறுபடி அச்சடிக்கிறார்கள்?

2022 ஜனவரியில் அமெரிக்காவின் ப்ளூ நோட் நிறுவனம் ஆறு எல்பி தட்டுகள் அடங்கிய ஒரு பெட்டியை வெளியிட்டது. பெயர் 'ரவுண்ட் ட்ரிப்'. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960களில் அந்த நிறுவனத்துக்காக வாசித்தவை அதில் இருக்கின்றன. ஆறில் இரண்டு, ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஒரு கிளப்பில் ஜனங்களுக்கு முன்னால் வாசித்து அங்கேயே பதிவானவை. 'அட் தி கோல்டன் சர்க்கிள்' என்ற பெயரில் 1966ல் இரண்டு தொகுதிகளாக முதலில் வந்தவை.

ஃபோனிலேயே கேட்டுவிடக்கூடிய இசைதான். ஆனாலும் ஐம்பது வருடத்துக்கு மேல் பழைய டேப்பைத் தேடி எடுத்து, அதில் இருந்து புதிதாகத் தட்டு வெட்டி, அச்சடித்து விற்கிறார்கள். வாங்கவும் ஆள் இருக்கிறது. ஜாஸ் பக்கம் புதிதாக வருகிற பலருக்கு இது எதற்கென்றே புரிவதில்லை. தட்டில் இருக்கிற இசை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொண்டால், மறுவெளியீட்டில் எது முக்கியம், எது வெறும் விளம்பரம் என்பது தன்னால் விளங்கிவிடும். அதனால் இசையில் இருந்தே தொடங்குகிறேன்.

1940களிலும் 50களிலும் ஜாஸ் பெரும்பாலும் ஒரே முறையில்தான் நடந்தது. ஒரு மெட்டு, பெரும்பாலும் 32 பார் நீளம். ஒரு பார் என்றால் வழக்கமாக நான்கு எண்ணிக்கை. மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். அதன்பின் அதே 32 பார் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும்; ஒவ்வொருவராக அதன்மேல் தன் கற்பனையில் வாசிப்பார். எந்த பாரில் எந்த கார்ட், அதாவது எந்தச் சுரங்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பது முன்பே முடிவாகியிருக்கும். பியானோ அந்த கார்டுகளை விடாமல் போட்டுக்கொண்டிருக்கும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சொல்வதென்றால், ஆவர்த்தனம் தவறாமல் சுற்றிவர, பாடகர் கல்பனாஸ்வரம் பாடிவிட்டு எடுப்புக்குச் சரியாக வந்து சேர்கிறாரே, அந்த ஒழுங்கு. மேலே எவ்வளவு தூரம் போனாலும் அடியில் இருப்பது மாறாது.

கோல்மன் கைவைத்தது அந்த அடித்தளத்தில்தான். அவருக்கு மெட்டு வேண்டும். பாடிப் பார்க்கத் தோன்றுகிற, எளிமையான, அருமையான மெட்டுகளை எழுதியவர் அவர். ட்ரம்ஸின் ஓட்டமும் வேண்டும். வேண்டாம் என்று அவர் விட்டது, முன்கூட்டியே முடிவுசெய்த கார்ட் சுற்றை. மெட்டு முடிந்தவுடன் அதில் இருந்து ஒரு துணுக்கை எடுத்துக்கொள்வார். அதைத் திருப்புவார், நீட்டுவார், வேறு சுருதிக்குக் கொண்டுபோவார். அந்த வாக்கியம் ஏழு பாரில் முடிந்தால் ஏழு, பதினொன்றில் முடிந்தால் பதினொன்று. கூட வாசிக்கிறவர்கள் எண்ணிக்கொண்டிருக்க முடியாது. அவர் எங்கே போகிறார் என்று கேட்டு அந்தக் கணத்திலேயே முடிவெடுக்க வேண்டும்.

இப்படி வாசிப்பதற்குத்தான் ஃப்ரீ ஜாஸ் என்று பெயர். ஆளுக்கொரு பக்கம் இஷ்டத்துக்கு ஊதுவது என்று அதை நினைப்பவர்கள் உண்டு. அப்படியில்லை. விதி குறையக் குறைய காது கூர்மையாக வேண்டும். இந்த இசையில் கடைசிவரை கவனிக்க வேண்டியது ஒருவர் மற்றவரைக் கேட்பதைத்தான்.

1930ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர் கோல்மன். லாஸ் ஏஞ்சலஸில் லிஃப்ட் இயக்கும் வேலை பார்த்துக்கொண்டே இசைக்கோட்பாட்டுப் புத்தகங்களைப் படித்தவர். 1959 நவம்பரில் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் இரண்டு வாரத்துக்கு என்று தொடங்கிய நிகழ்ச்சி இரண்டரை மாதம் ஓடியது. நகரத்து இசைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள்: மேதை என்றார்கள் சிலர், ஊதவே தெரியாதவர் என்றார்கள் சிலர். அடுத்த ஆண்டு டிசம்பரில், இடது ஸ்பீக்கரில் ஒரு நால்வர், வலது ஸ்பீக்கரில் இன்னொரு நால்வர் என்று எட்டுப் பேரை வைத்து 37 நிமிடம் விடாமல் வாசித்த தட்டுக்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரீ ஜாஸ்'. அந்தப் பெயரே இந்த வகைக்கு நிலைத்துவிட்டது.

1962 டிசம்பரில் நியூயார்க்கின் டவுன் ஹாலில் ஒரு கச்சேரி. அதோடு ஏறக்குறைய இரண்டு வருடம் மேடையை விட்டே ஒதுங்கிவிட்டார். அந்த இடைவெளியில் ட்ரம்பெட்டும் வயலினும் வாசிக்கப் பழகினார், யாரிடமும் முறையாகக் கற்காமல். 1965 தொடக்கத்தில் திரும்பி வந்து, அந்த ஆண்டே ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். கூடவே இரண்டே பேர்: ஆளுயர வயலின் போன்ற டபுள் பேஸில் டேவிட் ஐசன்சன், ட்ரம்ஸில் சார்ல்ஸ் மோஃபெட். பியானோ இல்லை, முன்பு எப்போதும் பக்கத்தில் நின்ற ட்ரம்பெட்காரர் டான் செர்ரியும் இல்லை.

மோஃபெட்டும் ஃபோர்ட் வொர்த்காரர்தான், பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்தவர். சிம்பலில், அதாவது ட்ரம்ஸோடு இருக்கும் உலோகத் தாளத்தில், அவர் ஓட்டம் நடனத்துக்கு ஏற்ற ஓட்டம். 'ஃப்ரீ' என்ற சொல்லைக் கேட்டு மிரண்டவர்கள் பிடித்துக்கொள்ள அதுவே போதும். ஐசன்சன் வேறு ரகம். விரலால் மீட்டிக்கொண்டிருப்பவர் திடீரென்று வில்லை எடுத்து இழுக்கத் தொடங்குவார். அப்போது பேஸ் அடியில் இருந்து எழுந்து சாக்ஸபோனுக்கு இணையாக வந்து நிற்கும். பியானோ இல்லாததால் அதற்கு இடமும் இருக்கிறது. கார்ட் போட்டு 'இப்போது நாம் இங்கே இருக்கிறோம்' என்று சொல்ல ஆள் கிடையாது. அந்தப் பொறுப்பை மூன்று பேரும் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்கிறார்கள். கோல்மனின் குழுக்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூவர்தான். நால்வராக வாசித்த 1959 தட்டுகளைத்தான் எல்லோரும் முதலில் சிபாரிசு செய்வார்கள். ஆனால் புதிதாகக் கேட்பவருக்கு மூன்று குரல்களைத் தனித்தனியாகப் பின்தொடர்வது இன்னும் சுலபம் என்பது என் எண்ணம்.

ஸ்டாக்ஹோமில் அந்த கிளப்பின் ஸ்வீடிஷ் பெயர் 'யில்லெனே சர்க்கெல்ன்'. பதிவு நடந்தது 1965 டிசம்பர் 3, 4 தேதிகளில். தயாரிப்பு ப்ளூ நோட்டின் ஃபிரான்சிஸ் வுல்ஃப். அந்த நிறுவனத்தின் பெரும்பாலான தட்டுகள் நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பிறந்தவை, இது அப்படியில்லை. அட்டைப்படத்தில் மூவரும் கனத்த கோட் போட்டுக்கொண்டு பனிமூடிய மரங்களுக்கு நடுவே நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டௌன் பீட் பத்திரிகை நடத்திய வாசகர் வாக்கெடுப்பில் ஆண்டின் சிறந்த தட்டு என்ற இடம் இதற்குக் கிடைத்தது. ஆறு வருடத்துக்கு முன் ஊதத் தெரியாதவர் என்று பேர் வாங்கியவருக்கு!

நேரடிப் பதிவு என்பது ஃப்ரீ ஜாஸில் கூடுதல் முக்கியத்துவம் பெறுவதற்குக் காரணம் உண்டு. ஸ்டுடியோவில் ஒரு டேக் சரியில்லை என்றால் இன்னொன்று எடுக்கலாம். 'சரி' என்பதற்கு ஓர் அளவுகோல் மனதில் இருக்கும். இங்கே அந்த அளவுகோலே கிடையாது. அன்றைக்கு, அந்த அறையில், அந்த மூன்று பேருக்குள் நடந்ததுதான் படைப்பு. பின்னால் வந்த சிடி பதிப்பில் சில பாடல்களின் மாற்று வாசிப்புகளையும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான், மெட்டு முடிந்த நொடியில் இருந்து இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகின்றன.

இன்னொன்று, அறையின் சத்தம். மேடையில் சாக்ஸபோனுக்கு வைத்த மைக்கில் ட்ரம்ஸும் விழும், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் விழும். பிற்பாடு யாரும் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது. மோஃபெட் ஓங்கி அடித்துவிட்டு விடும்போது சிம்பல் எவ்வளவு நேரம் காற்றில் நின்று அடங்குகிறது, ஐசன்சனின் வில் கம்பியில் படும்போது வரும் கரகரப்பு, கோல்மன் மூச்சு வாங்கும் இடைவெளி இவையெல்லாம் சேர்ந்துதான் இந்தப் பதிவு. ஒருவர் மற்றவரைக் கேட்பதுதான் இசை என்றால், அவர்களுக்கு நடுவே இருக்கும் காற்றும் நமக்குக் கேட்டாக வேண்டும். நல்ல மறுவெளியீட்டுக்கும் மோசமான மறுவெளியீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் அந்தக் காற்றில்தான்.

இப்போது தட்டுக்கு வரலாம். மேடையில் ஓடிய டேப், அல்லது அதில் இருந்து பாடல்களை வரிசைப்படுத்தித் தயாரித்த டேப், மாஸ்டர். தட்டு வெட்டும் இயந்திரத்தில் அரக்குப் பூசிய அலுமினியத் தகடு சுழலும். டேப்பில் இருந்து வரும் மின்குறிப்புக்கு ஏற்ப அதிரும் கூர்முனை அதில் பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும். ஸ்டீரியோ என்றால் அந்தப் பள்ளத்தின் ஒரு சுவரில் இடது ஒலி, மறுசுவரில் வலது. வெட்டிய தகட்டின்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் முலாம் ஏற்றி, உரித்து எடுத்தால் மேடுபள்ளம் தலைகீழான அச்சு கிடைக்கும். அதில் இருந்து இன்னொன்று, அதில் இருந்து கடைசி அச்சு. அந்தக் கடைசி அச்சுதான் சூடான பிவிசி கட்டியை அழுத்தித் தட்டாக்குகிறது.

இத்தனை படிகளில் எங்கே வேண்டுமானாலும் கெடலாம். அரக்குத் தகடு செய்வதே உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். 2020 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீப்பிடித்து அழிந்தபோது, பெரிய அளவில் செய்துகொண்டிருந்த இடம் ஜப்பானில் ஒன்றுதான் மிஞ்சியது. வினைல் தொழிலே கொஞ்ச நாள் நடுங்கிப்போனது.

ஒரு பக்கத்தில் எத்தனை நிமிடம் ஏற்றலாம் என்பதற்கும் எல்லை உண்டு. பலத்த ஒலிக்கும் கீழ்ச்சுருதிக்கும் பள்ளம் அகலமாக வேண்டும். சுமார் 20 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும், ஒலி சன்னமாகிவிடும். அதோடு, தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் ஊசி விநாடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடினால் உள்வட்டத்துக்கு வரும்போது 20தான் ஓடும். அதே அளவு இசையைக் குறைந்த இடத்தில் திணிக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் முடிவில் வரும் பாடலில் உச்ச ஒலிகள் கலங்கிப்போவது வழக்கம். கோல்டன் சர்க்கிள் முதல் தொகுதியின் இரண்டாம் பக்கம் 'டான்' என்ற நிதானமான பாடலில் முடிகிறது. ஊசிக்குக் கஷ்டமான இடத்தில் அமைதியான பாடல். இந்தத் தட்டின் அமைப்பில் எனக்கு நிறைவு தருகிற விஷயம் இது.

பள்ளங்களை எவ்வளவு நெருக்கமாக வெட்டலாம் என்று இயந்திரத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அடுத்த சுற்றில் பெரிய சத்தம் வரப்போகிறது என்றால் இப்போதே இடம்விட வேண்டுமே. பழைய டேப் இயந்திரங்களில் இதற்கென்றே முன்னால் ஒரு கூடுதல் ஹெட், அதாவது டேப்பில் இருப்பதைப் படிக்கும் பாகம், இருந்தது. டேப் முதலில் அதைத் தொட்டுவிட்டு, ஒரு கணம் கழித்து ஒலிக்கான ஹெட்டுக்கு வரும். பிற்பாடு பல இடங்களில் அந்தச் சிக்கலுக்குப் பதிலாக ஒலியை டிஜிட்டலாக்கிச் சற்றுத் தாமதித்து அனுப்பத் தொடங்கினார்கள். அதனால் 'டேப்பில் இருந்து வெட்டியது' என்று போட்டிருந்தாலும், வழியில் ஒருமுறை டிஜிட்டலாகி வந்திருக்கலாம். முழுக்க அனலாக் வழியில், அதாவது எங்கேயும் டிஜிட்டலாக்காமல் வெட்ட அந்தப் பழைய மாதிரி இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்த கையும் வேண்டும். 'ரவுண்ட் ட்ரிப்' பெட்டியை வெட்டிய கெவின் கிரே அப்படிப்பட்டவர். ஜோ ஹார்லி மேற்பார்வையில் ப்ளூ நோட் 2019ல் தொடங்கிய 'டோன் போயட்' வரிசையைச் சேர்ந்தது அந்தப் பெட்டி. அசல் மாஸ்டர் டேப்பில் இருந்து அனலாக்காக வெட்டுவதுதான் அந்த வரிசையின் கொள்கை.

டிஜிட்டல் என்றாலே மோசம் என்று நான் சொல்லவில்லை. நல்ல டிஜிட்டல் படியில் இருந்து அருமையான தட்டு வெட்டலாம். 2022ல், பழைய இசையை மறுவெளியீடு செய்யும் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம் பல வருடங்களாக டிஜிட்டல் படி வழியாக வெட்டிவந்தது தெரியவந்தபோது சேகரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். அதுவரை அந்தத் தட்டுகளைக் கேட்டுப் பாராட்டியவர்களும் அவர்கள்தான். ஆத்திரம் ஒலியைப் பற்றியதல்ல, வாங்குகிறவரிடம் சொல்லாமல் விட்டதைப் பற்றியது.

பிரச்சினை, எங்கே இருந்து எடுத்தார்கள் என்றே சொல்லாத தட்டுகளில்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1963க்கு முன் வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. அதன்பின் வந்தவற்றுக்கு 70 வருடம் என்று நீட்டிவிட்டார்கள். அதனால் கோல்மனின் 1959 தட்டுகளை அங்கே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அவர்களிடம் மாஸ்டர் டேப் இருக்காது. ஏதோ ஒரு சிடியில் இருந்து எடுத்து, 180 கிராம் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். கோல்டன் சர்க்கிள் 1966ல் வந்ததால் இந்த வலையில் சிக்கவில்லை. ஒரே கலைஞர், ஏழே வருட இடைவெளி. கடை அலமாரியில் இரண்டுக்கும் விதி வேறு.

அந்த 180 கிராம் பற்றி ஒரு வார்த்தை. கனமான தட்டு சுலபத்தில் வளையாது, கையில் எடுக்க நன்றாக இருக்கும். ஒலி அதனால் மேம்படும் என்பது நம்பத்தக்கதல்ல. ஸ்டிக்கரில் படிக்க வேண்டியது எடையை அல்ல, எந்த டேப், யார் வெட்டினார்கள் என்பதை. அது அட்டையில் இல்லாவிட்டால், கடைசிப் பாடலுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள மொட்டை வட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெட்டியவரின் அடையாளம் பெரும்பாலும் அங்கே கீறப்பட்டிருக்கும். கெவின் கிரே தன் பெயரின் முதலெழுத்துகளைக் கையால் கீறிவிடுவார். பழைய ப்ளூ நோட் தட்டுகளில் அதே இடத்தில் வான் கெல்டரின் பெயர் முத்திரையாக இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்க்கும் முன் இதைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டில் டர்ன்டேபிள் புதிதாக வாங்கியவர்களுக்கு ஒரு விஷயம். வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்து மேல்ச்சுருதியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அப்போதுதான் பள்ளம் கட்டுக்குள் இருக்கும். கேட்கும்போது அதைத் திருப்பிச் சரிசெய்ய ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். அது இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபயரில் செருகினால் ஐசன்சனின் பேஸ் காணாமல் போய் கோல்மன் மட்டும் கீச்சென்று கேட்பார். பழியை ஃப்ரீ ஜாஸ் மேல் போட்டுவிடாதீர்கள்.

கேட்க உட்காரும்போது முதல் தொகுதியை எடுங்கள், ஆனால் 'யூரோப்பியன் எக்கோஸ்' பாடலில் இருந்து தொடங்குங்கள். மூன்று எண்ணிக்கையில் ஆடுகிற, குழந்தைகள் பாடுவது போன்ற சின்ன மெட்டு. உடனே மனதில் ஒட்டிக்கொள்ளும். முதல்முறை ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை பேஸை. கோல்மனைத் தனியாகத் தேட வேண்டாம், அவர் தானாகவே காதில் விழுவார். இந்த இரண்டு சுற்றுக்குப் பிறகு, சாக்ஸபோன் ஒரு துணுக்கைத் திருப்பிச் சொல்லும்போது மற்ற இருவரில் யார் முதலில் அதற்கு அசைகிறார் என்பது பிடிபடத் தொடங்கும். அப்புறம் 'ஃபேசஸ் அண்ட் ப்ளேசஸ்' பாடலின் வேகம் பயமுறுத்தாது. அடுத்த பக்கத்து 'டீ டீ' மெட்டை ஒருமுறை கேட்டாலே முணுமுணுக்கத் தோன்றும்.

இரண்டாம் தொகுதியை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். அதன் முதல் பாடல் 'ஸ்னோஃப்ளேக்ஸ் அண்ட் சன்ஷைன்'. கோல்மன் சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு வயலினையும் ட்ரம்பெட்டையும் மாற்றி மாற்றி எடுக்கிறார். அந்த வயலினில் நாம் அறிந்த எந்தப் பாணியும் இல்லை. வில்லின் வேகமும் ஒலியின் கரடுமுரடும்தான். ஸ்டாக்ஹோம் கிளப்பில் அன்று உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே உற்சாகமாக இருக்கிறது. அது தாங்கவில்லை என்றால் 'மார்னிங் சாங்' பாடலுக்கு ஊசியை நகர்த்திவிட்டு, இன்னொரு நாள் திரும்பி வாருங்கள்.

பெட்டியை வாங்கியவர்கள் இவை இரண்டும் பழகிய பின் எடுக்க வேண்டியது 'தி எம்ப்டி ஃபாக்ஸ்ஹோல்'. 1966 செப்டம்பரில் ஸ்டுடியோவில் பதிவானது. பேஸில் சார்லி ஹேடன், ட்ரம்ஸில் கோல்மனின் மகன் டெனார்டோ. அப்போது அவனுக்குப் பத்து வயது. மோஃபெட்டின் அந்த உருண்டோடும் சிம்பல் இல்லாத இடத்தில் கோல்மன் தன் வாக்கியங்களை எங்கே முடிக்கிறார், மகன் அடிக்கும் அடிக்கு எப்படிக் காதுகொடுக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.